சி அண்ட் ஓ கால்வாய்க்கரைப் பாதை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லாந்து வரை, பொட்டோமாக் ஆற்றை ஒட்டி ஓடும் சுமார் 297 கி.மீ. நீளப் பாதை. மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. சைக்கிளுக்கும் நடைக்கும் உரியது. நிலக்கரிப் படகுகளை இழுத்த கோவேறு கழுதைகளுக்காக அமைந்த கரை இது. 1828இல் தொடங்கிய கால்வாய்ப் பணி 1850இல் கம்பர்லாந்தை எட்டியது. 1924 வெள்ளத்தோடு படகுகள் ஓய்ந்தன. பின்னர் இதன்மேல் கார்ச்சாலை போடும் திட்டம் எழுந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல் முழுத் தொலைவும் நடந்தார். பாதை பிழைத்ததில் அந்த நடைக்குப் பெரும்பங்குண்டு. 1971இல் தேசிய வரலாற்றுப் பூங்காவானது.

படகுகளை ஏற்றியிறக்கிய 74 அடைப்புகள் இருந்த இடங்களில் மட்டுமே சிறு மேடுகள். மற்றபடி ஏறக்குறைய சமதளம். மழை பெய்தால் சேறு பொறுமையைச் சோதிக்கும். ஏறத்தாழ 950 மீட்டர் நீளமுள்ள பாபா சுரங்கத்தில் விளக்கு அவசியம். கம்பர்லாந்தில் கிரேட் அலிகேனி பாதை இணைவதால், பிட்ஸ்பர்க் வரை தொடரலாம்.