ஓர் ஆள், ஒரு பாஷை

லூயி ரோன்ஜா பிறந்தது 1908 ஜூலை 30இல். தகப்பனார் ஜூல் ரோன்ஜா பிரெஞ்சுக்காரர், மொழியியல் படித்தவர். தாயார் ஜெர்மானியப் பெண். குழந்தையிடம் எந்தப் பாஷையில் பேசுவது என்று ரோன்ஜா தன் நண்பரும் மொழியியல் அறிஞருமான மோரிஸ் கிராமோனைக் கேட்டார். கிராமோன் சொன்ன யோசனை மிக எளிமையானது: ஒவ்வொரு பாஷையும் ஓர் ஆளாக இருக்கட்டும். அப்பா என்றால் பிரெஞ்சு, அம்மா என்றால் ஜெர்மன். ஒருபோதும் இடம் மாறிப் பேசக்கூடாது. ரோன்ஜா அப்படியே செய்தார். நாலே முக்கால் வயது வரை பையனின் பேச்சைக் குறித்துவைத்து 1913இல் புத்தகமாகப் போட்டார். இருமொழிக் குழந்தையைப் பற்றி முறையாக எழுதப்பட்ட முதல் நூல் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பின்னால் வந்தவர்கள் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னதைக் கொண்டே பேசுகிறேன். அவர்கள் சொல்கிறபடி லூயிக்குப் பேச்சு தாமதப்படவில்லை. இரண்டு பாஷையின் ஒலிகளும் அந்தந்தப் பாஷைக்காரன் பேசுவதுபோலவே அவனுக்கு வந்தன. பெயர் தெரியாத பொருளைக் கண்டால் இரண்டிலும் அதன் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்வானாம்.

ரோன்ஜா சாதாரண ஆசாமி அல்ல. சசூரின் மொழியியல் வகுப்புகளை மாணவர்கள் 1916இல் நூலாகத் தொகுத்தபோது, கையெழுத்துப் பிரதியைப் படித்துத் திருத்தம் சொன்னவர் என்று முன்னுரையில் நன்றி சொல்லப்பட்டவர் இவர்தான். அமைப்பியல் பேசும் நம் நண்பர்களில் எத்தனை பேர் அந்த முன்னுரையைப் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. அவருடைய வாழ்நாள் உழைப்பு தென் பிரான்ஸின் ஆக்ஸிதான் பாஷைக்காக. பாரிஸின் பிரெஞ்சு மெல்ல விழுங்கிக்கொண்டிருந்த பாஷை அது. பெரிய இலக்கணம் எழுதினார். அவர் இறந்தது 1925இல். இலக்கணம் 1930இலிருந்து பகுதி பகுதியாக அச்சில் வந்தது. ஆனால் குழந்தைக்கென்று அவர் வகுத்த திட்டத்தில் இருந்தவை இரண்டு ராஜ்யங்களின் பாஷைகள்தான். ஆக்ஸிதானுக்கு அதில் ஆள் இல்லை.

புத்தகம் வந்த மறுவருஷம் யுத்தம். ஆறு வயதுப் பையனின் அப்பா பாஷையும் அம்மா பாஷையும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. குடும்பம் ஜெனீவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பதினைந்து வயதில் லூயி தொழில்நுட்ப விஷயங்களுக்குப் பிரெஞ்சையும் இலக்கிய வெளிப்பாட்டுக்கு ஜெர்மனையும் விரும்பினான் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. இந்தச் சரித்திரத்தில் என்னை அதிகம் பாதித்த வாக்கியம் இதுதான். காரணம் என் வீட்டில் இருக்கிறது.

என் மனைவிக்குச் சொந்த ஊர் நெல்லூர். இருவரும் வங்கிக் குமாஸ்தாக்கள். மாற்றலில் வந்து மதுரையில் குடியிருக்கிறோம். மகளுக்கு நாலு வயது. அவள் பிறந்தபோது கிராமோனின் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அவர் சொன்னபடிதான் நடந்தது. நான் தமிழ், அவள் தெலுங்கு. ஒன்றே முக்கால் வயதில் குழந்தைக்கு ஏழெட்டு வார்த்தைகளுக்கு மேல் வரவில்லை. ஒரு டாக்டரிடம் போனோம். இரண்டு பாஷையில் குழந்தை குழம்புகிறது, ஒன்றை நிறுத்துங்கள் என்றார். எதை நிறுத்துவது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் விவாதிக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து என் மனைவி குழந்தையிடம் தன் தப்பும் தவறுமான தமிழில் பேச ஆரம்பித்தாள். மொழிக்காக இந்தப் பக்கங்களில் வரிந்துகட்டிக்கொண்டு எழுதியவன் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தங்கிய பாஷை என்னுடையது.

அந்த டாக்டரின் வாயில் பேசியது யார் என்று பிறகுதான் தேடிப்பார்த்தேன். 1923இல் ஸேர் என்பவர் வேல்ஸில் ஏழு வயது முதல் பதினாலு வரையான சுமார் 1,400 பிள்ளைகளைச் சோதித்து, கிராமத்து இருமொழிப் பிள்ளைகள் புத்தியில் பின்தங்கியிருப்பதாக எழுதினார். எந்த வீட்டுப் பிள்ளை, வீட்டில் என்ன வருமானம் என்பதையெல்லாம் அவர் சரியாக எடைபோடவில்லை. ஏழ்மையை அளந்துவிட்டு அதற்கு வெல்ஷ் என்று பெயர் வைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த ரகத்து ஆராய்ச்சிகள் நாற்பது வருஷம் ஓடின. 1962இல் மாண்ட்ரியலில் பீலும் லாம்பர்ட்டும் வர்க்க வித்தியாசத்தைக் கழித்துப் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது முடிவு தலைகீழாக வந்தது: பிரெஞ்சு மட்டும் அறிந்தவர்களைவிட இருமொழிப் பிள்ளைகள் மேலே நின்றார்கள். இரண்டிலும் சமமாகத் தேறிய பிள்ளைகளையே பொறுக்கி எடுத்தார்கள் என்று அதற்கும் ஆட்சேபம் உண்டு. இரண்டு பாஷை கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை என்பது இன்று ஆராய்ச்சியாளர்களிடையே சர்ச்சையே இல்லாத விஷயம். ஸேரின் நிழல் மட்டும் மதுரையில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

ஸேரைவிட என்னைத் தொந்தரவு செய்தவர் டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கு இலக்கணக்காரராக அறிமுகமானவர். மொழி பற்றிய தமது 1922ஆம் வருஷத்து நூலில் ஒரு கேள்வி போடுகிறார்: இருமொழிக் குழந்தை எதுவாவது பெரிய கவிஞனாகவோ பேச்சாளனாகவோ வளர்ந்திருக்கிறதா? இல்லை என்ற பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பாஷைக்குச் செலவாக வேண்டிய மூளை இரண்டுக்குச் செலவாகிறது, ஆகவே எதிலும் ஆழமில்லை என்பது அவர் கட்சி. எழுதுகிறவன் அசட்டை செய்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி இல்லை இது.

அவர் அதை எழுதிய வருஷம் எலியாஸ் கனெட்டிக்குப் பதினேழு வயது. பல்கேரியாவில் டான்யூப் கரையில் ருஸ்சுக் என்ற ஊரில் 1905இல் பிறந்தவர். வீட்டுப் பாஷை லடினோ, வேலைக்காரப் பெண்களின் பாஷை பல்கேரியன். அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் மட்டும் ஜெர்மன் பேசிக்கொள்வார்கள். வியன்னாவின் நாடகக் கொட்டகை நினைவுகளோடு பிணைந்த காதல் பாஷை அது. பிள்ளைக்குக் கதவு சாத்தியிருந்தது. 1912இல் மான்செஸ்டரில் அப்பா திடீரென்று செத்துப்போகிறார். மறுவருஷம் லோஸானில் அம்மா எட்டு வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் கற்பிக்கிறாள், புத்தகத்தைக் கண்ணில் காட்டாமல், தப்புக்குத் தப்பு ஏளனம் செய்து. புருஷனோடு பேசிய பாஷையில் பேச அவளுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. வலியோடு ஊன்றப்பட்ட, தாமதமாக வந்த தாய்மொழி என்று கனெட்டி தன் சுயசரிதையின் 1977இல் வந்த முதல் பாகத்தில் இதைச் சொல்கிறார். அந்தப் பாஷையில்தான் எழுதினார். 1981இல் நோபல் பரிசு. இங்கே ஆளுக்கொரு பாஷை என்ற ஒழுங்கு கிடையாது. ஒரு சாவு இருக்கிறது, ஒரு தாயின் கொடூரம் இருக்கிறது.

இவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம். பேந்த்ரேயின் வீட்டுப் பாஷை மராத்தி, கவிதை கன்னடம். மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து கன்னடச் சிறுகதைக்கு அஸ்திவாரம் போட்டார். கி. ராஜநாராயணனின் வீட்டில் தெலுங்கு. 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தபோது அதன் தமிழை வியந்தவர்கள், அந்தத் தமிழுக்குக் கீழே தெலுங்கு ஓடுவதை எவ்வளவு யோசித்தார்கள்? யெஸ்பர்சன் தப்பான ஊரில் உட்கார்ந்து கேள்வி கேட்டுவிட்டார்.

ரோன்ஜாவுக்கு அடுத்த பெரிய பெயர் வெர்னர் லியோபோல்ட். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் பேராசிரியர். மகள் ஹில்டகார்ட் பிறந்தது 1930இல். அவர் ஜெர்மனில் பேசினார், மனைவி ஆங்கிலத்தில். அந்தப் பதிவுகள் 1939க்கும் 1949க்கும் இடையில் நாலு பாகங்களாக வந்தன. ஒலி, சொல், வாக்கியம் என்று ஒன்றையும் விடவில்லை. முதல் இரண்டு வருஷம் குழந்தைக்கு இரண்டு பாஷை என்ற பிரக்ஞையே இல்லை, இரண்டும் கலந்த ஒரே அமைப்புதான் இருந்தது என்பது அவர் முடிவு. பின்னால் வந்தவர்கள் இதை அதிகம் ஏற்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கதையை ஒரு வார்த்தை மாறாமல் சொல்லவேண்டும் என்று மற்றக் குழந்தைகள் பிடிக்கும் அடம் ஹில்டகார்டிடம் இல்லை. சொல் வேறு, பொருள் வேறு என்பது அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. நம்மில் பலர் முப்பது வயதில் சசூரைப் படித்துத் தெரிந்துகொண்டதை இவள் பால் குடிக்கிற வயதில் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் ஐந்து வயதில் ஜெர்மனிக்குப் போனபோது நாலே வாரத்தில் அவளால் மிக எளிய சில வாக்கியங்களுக்குமேல் ஆங்கிலம் பேச முடியவில்லை. அரை வருஷம் கழித்துத் திரும்பினால் இப்போது ஜெர்மன் திக்குகிறது. தங்கை கார்லா ஆறு வயது இளையவள். அதே அப்பா, அதே வீடு, அதே விதி. அவள் அப்பாவின் ஜெர்மனுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். கிராமோன் தெருவைக் கணக்கில் எடுக்கவில்லை. பெல்ஜியத்தின் ஃப்ளெமிஷ் பகுதியில் சுமார் 1,900 குடும்பங்களை விசாரித்து ஆன்னிக் டெ ஹவர் 2007இல் எழுதியதும் இதையே ஊர்ஜிதம் செய்கிறது: இரண்டு பாஷை கேட்டு வளர்ந்தும் நாலில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் சிறுபான்மை பாஷையைப் பேசுவதில்லை. வீட்டில் அது எவ்வளவு புழங்குகிறது என்பதுதான் கணக்கு. விதி அவ்வளவு முக்கியமில்லை.

எட்டு மாதம் கழித்து நாங்கள் தெலுங்கைத் திரும்பக் கொண்டுவந்தோம். அதற்குள் குழந்தைக்குப் பேச்சு கொட்ட ஆரம்பித்திருந்தது, தமிழில். முன்பு 'பாலு வத்து' என்று டம்ளரைத் தள்ளியவள் இப்போது 'பால் வேண்டாம்' என்கிறாள், அம்மாவிடமும். அவள் தெலுங்கில் கேட்கிறாள், இவள் தமிழில் பதில் சொல்கிறாள். புரிகிறது, வாயில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நெல்லூரிலிருந்து அம்மம்மா போனில் பேசுவாள். தெருவில் எருமை போவதிலிருந்து எல்லாவற்றையும் சொல்வாள். குழந்தை போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டும். தலையாட்டல் போனில் போகாது. அந்தப் பக்கம் 'ஏமம்மா, ஏமம்மா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

சென்ற வருஷம் நானும் ஒரு நோட்டுப் போட்டேன், ரோன்ஜா மாதிரி. மூன்று வாரம் எழுதினேன். பிறகு மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்தது. அந்த மூன்று வாரப் பக்கங்களையும் ரோன்ஜாவின் கதையையும் ஒரு ராத்திரி மனைவிக்குச் சொன்னேன். குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "சரி, நாளெல்லாம் ஜெர்மன் பேசினது அந்தம்மாதானே, அவங்க ஒண்ணும் எழுதலையா?" என்றாள். நான் பார்த்தவரை அச்சில் ஒன்றுமில்லை என்றேன். சீப்பை வாயில் கடித்துக்கொண்டு ரிப்பனைக் கட்டினாள். பிறகு சீப்பை எடுத்துவிட்டுக் குழந்தையிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. குழந்தை சிரித்தது.