பட்டியலில் ஏறாத பெயர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் பெற்றிருக்கும் செல்வாக்கை, நம் நாட்டில் கால்பந்துக்குள்ள செல்வாக்கோடு ஒப்பிட்டால் ஒருவாறு விளங்கும். அங்கே பனிக்காலம் முற்றும் கழியுமுன்னரே பெருங்குழுக்களெல்லாம் வெப்பமான ஊர்களுக்குச் சென்று சில வாரகாலம் பயிற்சி செய்யும். இதனை வசந்தகாலப் பயிற்சி என்பர். பயிற்சிக்கு வருவோர் பலர். போட்டிகள் தொடங்கியபின் பட்டியலில் நிலைப்போர் 26 பேரே. எவரை வைத்துக்கொள்வது, எவரைக் கீழ்க்குழுவுக்கு அனுப்புவது என்னும் விவாதம் அவ்வாரங்களில் பத்திரிகைகளிலும் சவரக்கடைகளிலும் ஓயாது. ஆட்டத்திறன் ஒன்றே அளவுகோல் என்பது அவர்கள் பறைசாற்றும் கொள்கை. அக்கொள்கை 1947-ஆம் ஆண்டு வசந்தத்தில் பட்ட பாட்டையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

கறுப்பினத்தவர் பெருங்குழுக்களில் ஆடலாகாது என்று எழுதிய விதி எங்கும் இல்லை. 1884-ஆம் ஆண்டில் டொலிடோ நகரக் குழுவில் மோசஸ் பிளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பர் ஆடினார். அதன்பின் அறுபதாண்டுகளுக்கு மேலாக ஒருவர் பெயரும் ஏறவில்லை. நாள்தோறும் செக்ரோலில் பெயர் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் நான்; விதி ஒன்றும் இயற்றாமலே ஒரு பெயரை விட்டுவிடுவதற்கு எத்தனை உபாயங்கள் உண்டு என்பது எனக்கு நன்கு தெரியும்.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் தலைவர் பிராஞ்சு ரிக்கி என்பார், கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் என்னும் கறுப்பினக் குழுவில் ஆடிய ஜாக்கி ராபின்சனை 1945-இல் தேர்ந்தெடுத்து, தம் கீழ்க்குழுவாகிய மான்ட்ரியல் ராயல்ஸில் சேர்த்தார். இதற்காக மொனார்க்ஸ் குழுவாருக்கு அவர் ஒரு காசும் ஈட்டுத்தொகை கொடுத்தாரில்லை. ரிக்கியைத் தெய்வமாக்கி எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

1946 வசந்தத்தில் ராபின்சன் புளோரிடா மாகாணத்துக்குப் பயிற்சிக்குச் சென்றார். சான்போர்டு என்னும் ஊரில் மிரட்டல் எழவே அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. ஜாக்சன்வில் நகரத்தார் மைதானத்தின் கதவைப் பூட்டிவிட்டனர். டிலாண்ட் நகரத்தாரோ மின்விளக்குகள் பழுது என்று சொல்லி ஆட்டத்தைத் தடுத்தனர். ஆடவிருந்தது பகலில் என்பதைக் கவனிக்க! டேட்டோனா பீச் ஒன்றுதான் மார்ச் 17-ஆம் நாள் அவரை ஆடவிட்டது. அவ்வாண்டு முடிவில் ராபின்சன் ஆயிரத்துக்கு 349 என்னும் அடிவிகிதத்தோடு அப்போட்டி வரிசையிலேயே முதல்வராக நின்றார்.

திறன் ஒன்றே அளவுகோலாயின் விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1947 வசந்தத்தில் ரிக்கி இரு குழுக்களையும் கியூபாவின் ஹவானாவுக்கு அழைத்துச் சென்றார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக ஆடிப் பழகிய நாடு அது. புளோரிடாவின் தொல்லை அங்கில்லை. எனினும் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர் நேஷனல் ஹோட்டலில் தங்க, ராயல்ஸ் வெள்ளையர் ஓர் இராணுவப் பள்ளியில் தங்க, ராபின்சன், காம்பனெல்லா, நியூகோம்ப், பார்ட்லோ ஆகிய கறுப்பர் நால்வரும் தாழ்ந்ததொரு விடுதிக்கு அனுப்பப்பட்டனர். இது கியூபாவின் சட்டமன்று, ரிக்கியின் ஏற்பாடே என்றறிந்தபோது ராபின்சன் சினங்கொண்டார். எச்சச்சரவும் எழாதிருக்க இவ்வாறு செய்ததாக ரிக்கி கருதினார். சச்சரவைத் தவிர்க்கும் பாரத்தை அவமதிக்கப்பட்டவன் தலையிலேயே ஏற்றும் இவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ராபின்சன் காத்துப் பழகியது இரண்டாம் பேஸ். புரூக்ளினில் அவ்விடம் ஸ்டாங்கி என்பவருடையது. ஆதலால் முன்பின் பழகாத முதற்பேஸைக் கற்றுக்கொள்ளுமாறு பயிற்சியின் நடுவில் கட்டளை பிறந்தது. கையுறை முதற்கொண்டு யாவும் புதிது.

அவர் ஆட்டத்தைக் கண்டபின் புரூக்ளின் ஆட்டக்காரர் தாமே அவரை வேண்டுவர் என்பது ரிக்கியின் கணக்கு. நடந்தது நேர்மாறு. தென்மாகாணத்து ஆட்டக்காரர் சிலர், ராபின்சன் வந்தால் தாம் ஆடோம் என்று விண்ணப்பம் ஒன்றில் கையெழுத்துச் சேர்க்கலாயினர். கென்டக்கியைச் சேர்ந்த பீ வீ ரீஸ் கையெழுத்திட மறுத்தார். ராபின்சன் முன்னர் ஆடிய ஷார்ட்ஸ்டாப் இடமே ரீஸின் இடம். பறிபோகக்கூடியது அவருடைய பிழைப்பு. தம் இடத்தைப் பிடிக்குமளவு திறன் அவனுக்கு உண்டாயின் அவன் அதற்கு உரியவனே என்று ரீஸ் எண்ணினார். அந்த வசந்தகாலம் முழுவதிலும் பட்டியலின் தர்மத்தை உணர்ந்து பேசியவர் இவர் ஒருவரே என்பேன்.

விஷயம் வெளியானதும், பனாமாவில் நள்ளிரவில் மானேஜர் லியோ டுரோச்சர் ஆட்டக்காரரை எழுப்பிச் சமையலறையில் கூட்டி, நிறம் எதுவாயினும் வெல்லத் தக்கவனை ஆட்டுவிப்பதாகவும், அவனால் எல்லார்க்கும் பணம் வருமென்றும் கடிந்து கூறினார். நீதியைக்காட்டிலும் பணத்தை எடுத்துக் காட்டியது விரைவில் பலித்தது. டிக்ஸி வாக்கர் என்பார் தம்மை வேறு குழுவுக்கு மாற்றுமாறு மார்ச் 26-இல் ரிக்கிக்கு எழுதினார். பாபி பிராகனும் ரிக்கியிடம் நேரிலேயே அவ்வெண்ணத்தைக் கூறினார்.

டுரோச்சரைக் கொண்டு ராபின்சனைக் கேட்கச் செய்வது என்று திட்டமிருந்தது. ஏப்ரல் 9-ஆம் நாள் டுரோச்சரே வேறு காரணங்களுக்காக ஓராண்டு விலக்கப்பட்டார். இனிக் காத்திருக்க ஏதுமில்லை. மறுநாள் இரு குழுக்களும் ஆடிக்கொண்டிருக்கையிலேயே, ராபின்சனின் ஒப்பந்தத்தைப் புரூக்ளின் வாங்கிற்று என்று சிறு அறிக்கை வெளியாயிற்று. ஏப்ரல் 15-இல் பாஸ்டன் பிரேவ்ஸ் குழுவுக்கெதிராக அவர் முதற்பேஸில் நின்றார்.

அவ்விடத்தை இழந்தவர்களையும் சொல்லவேண்டும். ஹோவி ஷுல்ட்ஸ் மே மாதத்தில் பிலடெல்பியாவுக்கு விற்கப்பட்டார். எட் ஸ்டீவன்ஸ் மான்ட்ரியலுக்கு இறக்கப்பட்டார். அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்னும் பட்டம் ராபின்சனுக்குக் கிடைத்தது. புரூக்ளின் நேஷனல் லீகில் முதலிடம் பெற்றது. மாற்றம் கேட்ட பிராகன், ராபின்சனோடு பழகியபின் மனம் மாறினார்.

எல்லார் மனமும் அவ்வளவு விரைவில் மாறவில்லை. 1945 ஏப்ரலில் ராபின்சனை மைதானத்துக்கு அழைத்து ஆடவிட்டுப் பார்த்துவிட்டு, மறுமொழியே கூறாதிருந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழு, 1959 வசந்தத்தில் பம்ப்சி கிரீன் என்னும் கறுப்பினத்தவரைப் பயிற்சிக்கு அழைத்தது. அரிசோனாவில் மற்றவர் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. நன்றாக ஆடியும் பட்டியல் எழுதும்போது அவரைக் கீழ்க்குழுவுக்கு அனுப்பிவிட்டனர். இன்னும் பக்குவம் வரவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். பாஸ்டனில் கண்டனம் எழுந்து, மாகாணத்து விசாரணையும் நடந்தது. ஜூலை 21-ஆம் நாள்தான் அவர் அக்குழுவில் ஆடினார். அந்நாளைய பதினாறு குழுக்களில் அதுவே கடைசி. ராபின்சன் அதற்கு முன்னரே, 1956-ஆம் ஆண்டோடு, ஆடுவதை நிறுத்திவிட்டிருந்தார்.