தொமஸ் ஹாட் பென்ரனும் அடிமைப் பிரச்சினையும்

ஐக்கிய அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்தோர் எனும்போது வடபுலத்துச் சீர்திருத்தவாதிகளே பெரும்பாலும் நினைவுக்கு வருவர். தாமே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தும், அம்முறை மேற்கே பரவுதலை எதிர்த்துப் பதவியிழந்த மிசூரிச் செனற்றர் தொமஸ் ஹாட் பென்ரன் (1782 - 1858) அவ்வளவு எளிதில் வகைப்படுத்தக்கூடியவரல்லர்.

வட கரோலைனாவிற் பிறந்து, 1806இல் தெனசியிற் சட்டத்தரணியான பென்ரனின் இளமைக்காலம் சட்டத்தைவிடத் துப்பாக்கியோடே அதிகம் தொடர்புற்றிருந்தது எனலாம். 1813இல் நாஷ்விலில் அவரும் தம்பி ஜெசியும், பின்னாளில் ஜனாதிபதியான அன்ட்றூ ஜக்சனுடன் மோதினர். அன்று ஜக்சனின் உடலிற் பாய்ந்த குண்டு 1832இலேயே அகற்றப்பட்டது. 1815இற் செயின்ற் லூயிசிற் குடியேறிய பென்ரன், இரு ஆண்டுகளின் பின் சார்ள்ஸ் லூக்காஸ் என்னும் இளஞ் சட்டத்தரணியைத் துவந்த யுத்தத்திற் சுட்டுக் கொன்றார்.

'மிசூரி என்குயரர்' பத்திரிகையின் ஆசிரியராக அவர் எழுதியவையும் கவனத்திற்குரியன. அடிமை முறைக்கு எத்தடையும் விதியாது மிசூரியை மாநிலமாக ஏற்கவேண்டுமென அவர் வாதாடினார். பிற்காலப் பென்ரனைக் கொண்டு இந்தப் பென்ரனைத் தூய்மைப்படுத்துதல் வரலாறாகாது.

1821 முதல் முப்பதாண்டுகள் அவர் செனற் சபையில் வீற்றிருந்தார். பழைய பகைவர் ஜக்சனுக்கே வலக்கரமாகி, ஐக்கிய அமெரிக்க வங்கியையும் கடதாசிப் பணத்தையும் எதிர்த்தார். ஜக்சன் மீது 1834இல் நிறைவேறிய கண்டனத் தீர்மானத்தை, 1837இற் சபைக் குறிப்பேட்டிற் கறுப்புக் கோடிட்டு நீக்கச் செய்தவரும் அவரே.

1849இல், புதிய பிரதேசங்களில் அடிமை முறையை ஆதரிக்குமாறு மிசூரிச் சட்டசபை தன் செனற்றர்களைப் பணித்தது. பென்ரன் மறுத்தார், சபையை விடுத்து மக்களிடமே முறையிடுவதாகக் கூறி மாநிலமெங்கும் பேசினார். அடிமைகள்பாற் கொண்ட இரக்கமே இதற்குக் காரணமெனல் மிகையாகும். ஐக்கியம் சிதறும் என்னும் அச்சமும், மேற்கு நிலம் சிறு குடியானவர்க்கே உரியதென்ற நெடுநாட் கொள்கையுமே முதன்மை பெற்றன. இரக்கமின்மை எதிர்ப்பின் விலையைக் குறைக்கவில்லை. 1850இற் செனற் சபையிலேயே மிசிசிப்பி உறுப்பினர் ஹென்றி பூட் அவரை நோக்கிக் கைத்துப்பாக்கியை நீட்டினார். அடுத்த ஆண்டிற் பதவி பறிபோயிற்று.

பின்னர் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவாகி, 1854இற் கன்சாஸ் - நெபிராஸ்கா சட்டத்திற்கு எதிராக வாக்களித்து, அவ்விடத்தையும் இழந்தார். 1856 ஜனாதிபதித் தேர்தலில் அடிமை முறைப் பரவலை எதிர்த்த குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஜோன் பிறீமன்ற் அவரது மருமகனே. எனினும், வடபுலக் கட்சியொன்றின் வெற்றி ஐக்கியத்தைப் பிளக்குமென அஞ்சிய பென்ரன் எதிரணியின் புக்கானனையே ஆதரித்தார். காங்கிரஸ் விவாதங்களைச் சுருக்கித் தொகுக்கும் பணியிற் கடைசி நாட்கள்வரை ஈடுபட்டிருந்த அவர், 1858 ஏப்ரலிற் காலமானார்.