நீலச் சிலந்தியும் கண்ணாடிப் பெட்டியும்

சென்னை-மும்பை ரயிலில் ஊருக்குப் போய்வரும் நம்ம ஜனங்களுக்கு ஆந்திராவின் குத்தி ஸ்டேஷனைத் தெரிந்திருக்கும். அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த நீல நிற டரான்டுலா சிலந்தியைத்தான் 1899-ல் போகாக் என்ற ஆங்கிலேயர் புதிய இனமாக எழுதிவைத்தார்.

அப்புறம் நூறு வருஷம் ஆளையே காணோம்! 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவிலுள்ள காட்டில் அகப்பட்டது. வெட்டிய மரத்தோடு ரயிலேறித்தான் குத்திக்கு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

இன்று அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். அந்தப் பெட்டிக்கும் பூச்சியோடு தொடர்புண்டு. 1829-ல் லண்டன் டாக்டர் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் மூடிவைத்தார். உள்ளே பெரணிச்செடி முளைத்தது. பூச்சியை விட்டுவிட்டு செடியைப் பிடித்துக்கொண்டார் மனுஷர். விக்டோரியா காலத்து வரவேற்பறைகளில் கண்ணாடித் தோட்டங்கள் வந்தது அப்படித்தான்.

சிலந்திப் பெட்டியையும் பாசி, கொடி, பொம்மை மண்டையோடு என்று ஜோடிக்கிறார்கள். பார்வை மங்கலான, ராத்திரியில் நடமாடும் பிராணிக்கு இதெல்லாம் எதற்கு? எல்லாம் நம் கண்ணுக்குத்தான். அதற்கு வேண்டியது நிறுத்திவைத்த மரப்பட்டை, ஒளிந்துகொள்ள ஒரு பொந்து.

சொந்தக் காட்டில் அந்தப் பொந்து மரங்கள்தான் விறகுக்கும் பலகைக்கும் போகின்றன. 2008-ல் ஐ.யூ.சி.என். இதை அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிட்டது.

வெளியூர் ஃப்ளாட்டில் தஞ்சாவூர் பொம்மையை வைத்து ஊரை உண்டாக்கிக்கொள்கிறவர்கள் நாம். நமக்காவது திரும்பிப்போக ஊர் இருக்கிறது. இந்தச் சிலந்திக்கும் அது இருக்கட்டும் என்பதுதான் என் ஆசை.