கலப்பு ரத்தம் – 11: நாலணாவோடு ஓடிய பையன்

கல்கத்தாவில் ஓர் அச்சுக்கூடம். ஏழு வருஷம் தொழில் பழக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, பையனை அங்கே சேர்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரியே ஓடிவிட்டான். கையில் இருந்தது நாலணா. அது தீர்ந்ததும் கடைத்தெருவில் மூட்டை தூக்கினான். இந்த சுதந்திரம் அதிக நாள் நீடிக்கவில்லை. அக்காள் வீட்டு வேலைக்காரன் கண்ணில் பட்டுவிட்டான்.

பையன் ஜேம்ஸ் ஸ்கின்னர், 1778-ல் பிறந்தவன். அப்பா ஹெர்குலிஸ் ஸ்கின்னர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி, ஸ்காட்லாந்துக்காரர். அம்மா ராஜபுத்திர ஜமீன்தார் மகள், போரில் சிறைப்பட்டு அவரிடம் வந்து சேர்ந்தவள். பெண் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே தீருவது என்று அப்பா நின்றார். பர்தா போனால் குலமானம் போயிற்று என்று 1790-ல் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

அப்பா பட்டாளத்தில் இருக்கும்போது பிள்ளை ஏன் அச்சுக்கூடத்துக்குப் போகவேண்டும்? தொடரைப் படித்துவருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியில் பதவி கிடையாது என்று 1791-ல் வந்த உத்தரவு. பிறகு 1795-ல் அதற்கு மேல் ஒரு பூட்டு. அப்பா, அம்மா இருவருமே ஐரோப்பிய வம்சம் இல்லையென்றால் படையில் பாண்டு வாசிக்கலாம், தம்பட்டம் அடிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். அதற்குமேல் வாசற்படி ஏறக்கூடாது. 1687-ல் சென்னைக் கோட்டைச் சிப்பாய்கள் நம்மூர்ப் பெண்களைக் கட்டிக்கொள்ளட்டும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடு என்று எழுதிய அதே கம்பெனிதான் இது. வராகன் கொடுத்து வரவேற்ற பிள்ளைகளின் பேரன்மாருக்கு லாடக் கொட்டகை!

கலப்பு ரத்தக்காரர்களின் மனுவோடு ரிக்கட்ஸ் போன லண்டன் பயணம் இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஸ்கின்னரைக் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவரோ லேசில் விடுகிற ஆள் இல்லை.

கம்பெனி கதவைச் சாத்தியதால் மராட்டியர் பக்கம் போனார். சிந்தியாவின் படையை நடத்திய டி பாய்ன் 1795-ல் மாசம் 150 ரூபாய்க்கு வேலை கொடுத்தார். 1800-ல் உனியாரா சண்டையில் ஸ்கின்னர் குண்டடி பட்டு விழுந்தார். இரண்டு ராத்திரி பிணங்களுக்கு நடுவே கிடந்தார். சுற்றிலும் நரிகள். பக்கத்தில் முழங்காலுக்குக் கீழே கால் போன ஒரு ராஜபுத்திர சுபேதார். மறுநாள் ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் வந்தார்கள். அவளிடம் ஒரு கூடை சோள ரொட்டி, ஒரு குடம் தண்ணீர். அடிபட்டவர்களுக்கெல்லாம் ஒரு துண்டும் ஒரு வாய் தண்ணீரும் கொடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்கின்னர் வாங்கிக் குடித்தார். சுபேதார் மாட்டேன் என்றுவிட்டார். அவள் சமார் ஜாதிப் பெண். இன்னும் சில மணி நேரம் உயிரோடு இருப்பதற்காக ஜாதியை விடவேண்டுமா என்பது அவர் நியாயம்.

சரித்திரத்தில் வீரர்கள் என்று நாம் கொண்டாடும் பலரைவிட அந்தக் குடம் சுமந்தவள் எனக்குப் பெரியவளாகத் தெரிகிறாள். ஸ்கின்னருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. பிற்பாடு பணம் அனுப்பி, உன்னைத் தாயாக நினைக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். பிழைத்தால் தேவாலயம் கட்டுவதாக அந்தக் களத்தில் நேர்ந்துகொண்டதுதான் டில்லி காஷ்மீர் கேட் அருகே நிற்கும் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம். 1836-ல் திறந்தார்கள். அவருடைய சமாதியும் அங்கேதான்.

1803-ல் கம்பெனிக்கும் சிந்தியாவுக்கும் போர் மூண்டது. டி பாய்னுக்குப் பின் வந்த பெரோன், பிரிட்டிஷ் ரத்தம் ஓடும் அதிகாரிகளை எல்லாம் ஒரே வீச்சில் வெளியேற்றினான். ஸ்கின்னர் போகவில்லை. சிந்தியாவின் உப்பைத் தின்றவன், இங்கேயே இருக்கிறேன் என்று பெரோனைத் தேடிப் போனார். எதிரே வந்த பெரோனோ தலையில் தொப்பிகூட இல்லாமல் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறான்! எல்லாம் முடிந்துவிட்டது, உன் ஆட்களிடமே போ என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டிவிட்டான். பெரோனிடம் எனக்குக் கொஞ்சமும் இரக்கம் இல்லை. அள்ளிய பணத்தோடு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இந்தியத் தாயின் மகன் என்று அங்கே விரட்டினார்கள். வெள்ளைக்காரத் தகப்பனின் மகன் என்று இங்கே விரட்டினார்கள். ஸ்கின்னர் கம்பெனிப் படையின் தளபதி ஜெனரல் லேக்கிடம் போனார், சிந்தியாவை எதிர்த்து மட்டும் போரிடமாட்டேன் என்ற நிபந்தனையோடு. டில்லிச் சண்டைக்குப் பிறகு சிந்தியாவின் குதிரை வீரர்கள் சுமார் 2,000 பேர் கம்பெனிப் பக்கம் வந்தார்கள். யார் தலைவராக வேண்டும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பெயர் ‘சிக்கந்தர் சாகிப்’. நம் ஸ்கின்னர்தான். மஞ்சள் அங்கி போட்ட அந்தக் குதிரைப்படை ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் என்ற பெயரிலேயே இந்திய ராணுவத்தில் இன்றும் இருக்கிறது. குதிரைக்குப் பதில் இப்போது டாங்கி.

அரண்மனை மாதிரி வீடு, பல மனைவியர், ஹூக்கா, பாரசீகத்தில் கடிதப் போக்குவரத்து என்று முழு நவாபாகத்தான் வாழ்ந்தார். 1825-ல் இந்துஸ்தானத்து ஜாதிகளையும் தொழில்களையும் வகைவகையாகப் பிரித்து, படங்களோடு பாரசீகத்தில் ஒரு புத்தகம் எழுதி முடித்தார். ஜாதிக்கணக்கில் எந்தக் கட்டத்திலும் அடங்காத மனிதருக்கு அந்த வேலையில் அப்படி ஓர் ஆசை.

கம்பெனி அவருக்குச் செய்ததைக் கேளுங்கள். லேக் தர நினைத்த ஜாகீரைக் கொடுக்க முடியாது என்றார்கள். பிரிட்டிஷ் பிரஜை நிலம் வைத்துக்கொள்ளக் கூடாதாம். சரி, பிரிட்டிஷ் பிரஜை என்றால் படையில் முறையான பதவி? அதுவும் கிடையாது, தாய் இந்தியப் பெண்ணாயிற்றே. லெப்டினன்ட் கர்னல் என்று ராஜாவின் படைக்கணக்கில் பெயர் ஏறியபோது அவருக்கு வயது 50.

பேரும் புகழும் உள்ள சிக்கந்தருக்கே இந்த நிலை என்றால், கல்கத்தாவிலும் சென்னையிலும் குமாஸ்தா வேலைக்கு அலைந்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்களுடைய மனுவைத்தான் ஜான் வில்லியம் ரிக்கட்ஸ் கப்பலேறிக் கொண்டுபோய் 1830-ல் பார்லிமெண்டின் இரண்டு சபைகளிலும் சேர்த்தார். விசாரணைக் கமிட்டி முன்னால் அவர் அளித்த சாட்சியம் அடுத்த வாரம்.