எல்லைக்கல் காத்தல் நம் கடன்

நிலத்தை அளந்து எல்லை நாட்டும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. முதலாம் இராசராச சோழன் காலத்தில் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டபோது, பெண்யானையை எல்லைவழி நடத்தி, அத்தடத்திலே கல்லும் கள்ளியும் நாட்டினர் என்பது செப்பேட்டுச் செய்தி. கல் பெயர்ந்தாலும் கள்ளி நின்று இடங்காட்டும். ஓரெல்லைக்கு இரு சான்று வைத்தனர் நம் முன்னோர் எனலாம்.

நம் இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள் நிறுவப்பட்டது. அந்நூற்றாண்டிலே தீவு முழுவதையும் முக்கோணங்களாக வகுத்து அளந்தபோது, நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் அடிக்கோடுகள் அளக்கப்பட்டன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை சாய்ந்தமருதும் மட்டக்களப்பு மாவட்டத்தையே சார்ந்திருந்தது. பெரிய புள்ளிகளிலிருந்து சிறியனவும், அவற்றிலிருந்து ஊர்க் கற்களும் அளக்கப்பட்டன. ஆகவே வீதியோரக் கல் வெறுங் கல்லன்று. நெடிய சங்கிலியின் ஒரு கண்ணியாகும்.

சாய்ந்தமருது கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கி வாழும் ஊர். ஏக்கரை நூற்றறுபதாக வகுத்த பேர்ச் கணக்கிலே காணி பேசப்படும் இவ்விடத்தில், ஒரு முழ நிலமும் பெரிது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி மதிலையும் வேலியையும் வாரிச் சென்ற இடங்களில், அயலார் இருவரின் எல்லையைக் காட்ட எஞ்சிய கற்களும் வரைபடங்களுமே துணையாயின.

கடல் ஒரே நாளிற் செய்ததை, வீதி அகலிப்பும் வடிகாலும் நீர்க்குழாயும் மின்கம்பமும் சிறிது சிறிதாகச் செய்துவிடக்கூடும். தோண்டும் இயந்திரம் கல்லைப் பெயர்க்க, தொழிலாளி நல்லெண்ணத்துடன் அதனை அருகிலே நட்டுவிடுகிறார். இதுவே பெருங் கேடு. இல்லாத கல் வாய் திறவாது. இடம் மாறிய கல்லோ பொய்ச்சாட்சி சொல்லும்.

செய்மதிவழி அளக்கும் இக்காலத்திற் கல் எதற்கு எனச் சிலர் வினவுவர். ஓரிடம் புவியில் எங்குள்ளது என்பதைச் செய்மதி கூறும். இரு குடும்பத்தார் ஒப்பிய எல்லை எதுவென்பதை அது அறியாது. பழைய வரைபடங்களின் அளவுகள் அக்கற்களிலிருந்தே தொடங்குகின்றன.

செய்யவேண்டியது அரிதன்று. தோண்டுமுன் வரைபடங்கொண்டு கற்களைத் தேடிக் கொடி நடுக. குழிக்கு அப்பாலுள்ள இரண்டு மூன்று நிலையான பொருள்களிலிருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் அளந்து பதிக. தவிர்க்கவொண்ணாதவிடத்து நில அளவையாளரே கல்லை எடுத்து, வேலை முடிந்தபின் மீள நாட்டுக. பழைய கள்ளியின் பணியை இப்பதிவு செய்யும். ஒப்பந்தகாரரின் இறுதிக் கொடுப்பனவுக்கு முன் இதனை உறுதிசெய்தல் நன்று.

நம் சங்க இளைஞரும் சாய்ந்தமருதின் முஸ்லிம் சகோதரரும் தத்தம் வீதிக் கற்களை இன்றே அறிந்து வைப்போமாக. பெரியோர் இடங்காட்ட, இளையோர் குறித்துக்கொள்ளட்டும். அயலாரிடை வழக்கு எழாதிருக்க இதனினும் எளிய வழி வேறில்லை.