நிரையும் கடிகாரமும்: கோத்தா திங்கித் தோட்டங்களும் இடைவேளை உரிமையும்

ஜொகூரின் கோத்தா திங்கி வட்டாரத்தில் இரப்பரும் பின்னர்ச் செம்பனையும் தமிழ்த் தொழிலாளரின் வாழ்வை வகுத்தன. தோட்டத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கூலி, லயம், கள்ளுக்கடை, பள்ளி ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். வேலைக்கு இடையே உண்ணவும் இளைப்பாறவும் உரிய நேரமோ அந்த அளவு கவனம் பெறவில்லை. அதனை ஈண்டு நோக்குவோம்.

இரப்பர் மரத்தில் பாலின் உள்ளழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பாலோட்டம் குறையும். எனவே இருள் பிரியுமுன்னரே பெரட்டு முடிந்து, வெட்டு தொடங்கும். மங்கில் வடிந்த பால் உறையுமுன் அதனைத் திரட்டி நிறுவைக்குச் சேர்த்தாக வேண்டும். வெட்டு முடிவதற்கும் பால் எடுப்பதற்கும் இடைப்பட்ட சிறுபொழுதே பசியாறும் வேளை. அதன் அளவை மரமே வரையறுத்தது.

வேலை நேரத்தைக் குறைக்கும் கோரிக்கை 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தில் வெளிப்படையாக எழுந்தது. ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் சார்ந்த அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள், பத்து முதல் பன்னிரண்டு மணிநேர வேலைநாளை ஒழிப்பதும் ஒன்று.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு இவ்வுரிமையைத் தெளிவாக வகுக்கிறது. குறைந்தது 30 நிமிட ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணிநேரத்திற்கு மேல் வேலை செய்யுமாறு தொழிலாளரைப் பணிக்கலாகாது. 30 நிமிடத்திற்குக் குறைந்த ஓய்வு அத்தொடர்ச்சியை முறிக்காது. இடைவிடாது நடைபெறவேண்டிய பணியாயின், மொத்தம் 45 நிமிடத்திற்குக் குறையாத உணவு இடைவேளை உட்பட 8 மணிநேரம் தொடரலாம். இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 5 மணிநேரம், அரைமணி என்னும் இதே அளவைகளைக் கொண்டிருந்தது.

ஆயினும் இங்கு ஒரு முரண் உண்டு. சட்டம் கடிகாரத்தால் அளக்கிறது. தோட்டமோ நிரையாலும் எடையாலும் அளந்தது. சட்டம் தடுப்பது முதலாளி பணிப்பதை மட்டுமே. எடைக்குக் கூலி பெறுபவரை எவரும் பணிக்க வேண்டியதில்லை. இளைப்பாறும் அரைமணி அவருடைய கூலியிலேயே குறையும். விடியுமுன் சமைத்துப் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு வந்த பெண்ணுக்கு அந்த அரைமணி மேலும் அரிதாயிற்று. 2013இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் இந்நெருக்கடியைத் தணிக்க முயன்றதேயன்றி அடியோடு நீக்கியதெனக் கூறுவதற்கில்லை.

2023 ஜனவரி 1 முதல் வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. அரைமணி ஓய்வு விதி மாறவில்லை. தமிழர் பலர் தோட்டத்தைவிட்டு நகர்ந்துவிட்ட இந்நாளில், செம்பனைக் குலை வெட்டும் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கும் அவ்விதி உரியதே. உரிமை ஏட்டில் உள்ளதா என்பதோடு, கூலியை இழக்காமல் அதனைத் துய்க்க இயல்கிறதா என்பதையும் தோட்ட வரலாறு வினவுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.